அடுப்புக்குக் காப்புக் கட்டினவ

கொஞ்சம் தள்ளிப் படுங்க, முதுகு பிடிச்சுக்கிட்டு இருக்கு எனக்கு. கதை வேணும்னா ம் கொட்டணும். நடுவுல தண்ணி வேணும், ஒண்ணுக்கு வருதுன்னு எழுந்தீங்கன்னா அதோட கதையும் போச்சு, சொல்லிட்டேன்.

ஒரு ஊரு இருந்துச்சு. பேரு எனக்கே மறந்துபோச்சு. ஊரை ஒட்டி ஒரு கரடு, கரட்டுக்கு மேல ஆத்தா கோயில், கரட்டுக்குக் கீழ ஒரு வீடு. அந்த வீட்ல அஞ்சு ஆம்பளை, ஒரே ஒரு பொம்பளை. அஞ்சு பேரும் திங்கிறவங்க, அவ ஒருத்தி ஆக்குறவ. அவ பேரு பவளாயி.

அஞ்சு பேரு யாருன்னா, அவ மாமனாரு சடையன், அவரு பெத்த நாலு பயலுக. மூத்தவன் தவசி, அவன்தான் பவளாயி புருசன். அடுத்த ரெண்டும் ரெட்டைப் புள்ளைக, பெரிய ரெட்டை, சின்ன ரெட்டைன்னு ஊரே கூப்பிடும், பேரு வச்சவங்களுக்கே எது எதுன்னு தெரியாது. கடைசிப் பய கோணன். இருபது வயசு ஆச்சு, ஆனா மூளை இன்னும் எழுந்திரிக்கல, அது பாட்டுக்குத் தூங்கிக்கிட்டு இருக்கு. மத்தபடி நல்ல பய.

பரம்பரை பரம்பரையா அவங்களுக்கு ராசா பல்லக்கைத் தூக்குறதுதான் வேலை. நாலு மூலைக்கு நாலு பேரு தோள் குடுப்பாங்க, சடையன் முன்னால தடியை ஊனிக்கிட்டு வழி சொல்லிக்கிட்டே போவாரு. ஆனா பாருங்க, கிழட்டு ராசா பத்து வருசமாப் படுத்த படுக்கை. பல்லக்குக் கொட்டாயில தூசி படிஞ்சு கெடக்கு. அரண்மனையில இருந்து அரிசி, எண்ணெய், வெல்லம் மட்டும் தவறாம வந்துக்கிட்டு இருக்கு. வேலையில்லாத ஒடம்பு, வேளாவேளைக்கு எண்ணெய்ப் பலகாரம், கேக்கணுமா? வயிறு முன்னால வரும், ஆளு பின்னால வருவான்.

அவங்களுக்கு அப்படி, பவளாயிக்கு எப்படி? கோழி கூப்பிடுறதுக்கு முன்னாடி எழுந்து விறகு பொறுக்கப் போவா. வந்து அடுப்பு மூட்டுவா. காலையில பணியாரமும் வடையும். மத்தியானம் சோறு, குழம்பு, எண்ணெய்க் கத்திரிக்காய், ஆளுக்கு எட்டு அப்பளம். பொழுது சாயுறப்போ முறுக்கு, அதிரசம். அப்புறம் பாத்திரத்தைத் தேய்ச்சுக் கவுத்து நிமிர்றதுக்குள்ள மறுபடியும் சோறு. ஈர விறகு ஒழுங்கா எரியுமா? ஊதணும். ஊதுகுழலை வச்சு ஊதி ஊதி அவளுக்கு நெஞ்சு காஞ்சுபோச்சு, கண்ணுல எந்நேரமும் தண்ணி. ரெண்டு வருசமா இருமல். தூரத்துல வர்றது மாடா மனுசனான்னு தெரியல. அவ யாருகிட்டயும் சொல்லல. சொன்னா யாரு கேப்பா? நீங்க கேப்பீங்களா? நான் இந்த முதுகைப் பத்தி எத்தனை நாளாச் சொல்றேன்.

இன்னொருத்தரு இருந்தாரு அந்த ஊர்ல. உருண்டை வைத்தியர்னு பேரு. எந்த நோவுன்னு போனாலும் ஒரு லேகிய உருண்டையைக் குடுப்பாரு, அதனால அந்தப் பேரு. அவரும் உருண்டைதான், அது வேற. பவளாயி வீட்ல எண்ணெய்ச் சட்டி காயுற வாசம் தெருவுக்கு வந்துச்சுன்னா வைத்தியரும் வந்துடுவாரு. "வயிறு மந்தமா இருக்கா? இந்தா உருண்டை"ம்பாரு. அஞ்சு பேருக்கும் அஞ்சு உருண்டை. அதுக்குப் பதிலா ஒரு தட்டு வடை, ஒரு தட்டு அதிரசம், மடியில கொஞ்சம் முறுக்கு. இவங்களுக்குச் செரிச்சுப்போச்சுன்னா அவருக்குத் தட்டு ஏது? அதனால செரிக்க விடமாட்டாரு.

இப்படி இருக்கையில கிழட்டு ராசா போய்ச் சேந்தாரு. சின்ன ராசா பட்டத்துக்கு வந்தாரு. வந்ததும் தமுக்கு அடிச்சுச் சொல்லிட்டாங்க: ஆத்தா திருவிழா முடியுற அன்னைக்கு ராசா பல்லக்குல கரடு ஏறப் போறாரு. முந்நூறு படி. அதுல ஒரு கட்டுப்பாடு உண்டு, கேட்டுக்குங்க. அடிப் படியில தூக்குன பல்லக்கு மேல போற வரைக்கும் தரை தொடக்கூடாது. தொட்டா ராசாவுக்கு ஆகாது. தொட விட்டவன் குடும்பத்தோட ஊரை விட்டுப் போயிடணும், திரும்பி எட்டிப் பாக்கக்கூடாது.

நாலு பேரும் ஓடிப்போய்த் தூசியைத் தட்டி வெறும் பல்லக்கைத் தூக்கிப் பாத்தாங்க. பத்தாவது படியில பெரிய ரெட்டை நின்னுட்டான். பதினஞ்சாவது படியில சின்ன ரெட்டை உக்காந்துட்டான். இருபதாவது படியில கோணனுக்குக் கொல்லன் துருத்தி மாதிரி மூச்சு வாங்குச்சு. பல்லக்கு டமார்னு தரையில இறங்குச்சு. சடையன் தடியைப் பிடிச்சுக்கிட்டு அங்கயே நின்னாரு. "எங்க பாட்டன் காலத்துல இருந்து தரை தொட்டதில்லடா"ன்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு, வீட்டுக்கு வந்துட்டாங்க.

அன்னைக்குச் சாயங்காலம் வைத்தியர் வந்து திண்டுல சாஞ்சுக்கிட்டு, "பலம் பத்தல. நெய்யில முறுக்கு சுட்டுக் குடு, ரெட்டை உருண்டை போடு"ன்னாரு.

பவளாயி அடுப்படியில இருந்தே சொன்னா: "இவங்களுக்குப் பலத்துக்குக் குறைச்சல் இல்ல வைத்தியரே, பாரம்தான் ஜாஸ்தி. எண்ணெயை நிறுத்திட்டு வெள்ளரிக்காய், ஊறவச்ச பயறு, தேங்காய்னு கொஞ்ச நாளைக்குப் பச்சையாத் தின்னு பாக்கட்டும். எங்க அம்மா ஊர்ல கதிரறுக்கப் போறவங்க அதைத் தின்னுட்டுத்தான் போவாங்க, பொழுதுக்கும் குனிஞ்சு அறுப்பாங்க."

தவசி சொன்னான்: "பச்சையாத் திங்க நாங்க என்ன ஆடா?"

ரெட்டைங்க சொன்னாங்க: "ஆடு கூட யோசிச்சுத்தான் திங்கும்."

வைத்தியர் ரெண்டு கையையும் விரிச்சாரு. "அடப் பாவி மகளே, ஊறவச்ச பயறா? ஊறுனது ஈரத்துல கெடந்தா என்ன ஆகும்? முளைக்கும். வயித்துக்குள்ள ஈரமா, காஞ்சு கெடக்கா? ஈரம். அப்போ அங்கயும் முளைக்கும். எட்டு நாள்ல வேர் விடும், ஒன்பதாம் நாள் காது வழியா எட்டிப் பாக்கும்."

கோணன் காதைத் தொட்டுப் பாத்துக்கிட்டான்.

சடையன் மட்டும் சிரிக்கல, கேலி பண்ணல. "தாயி, இந்த வீட்ல அடுப்பு அணையக்கூடாது. சாவு வீட்லதான் அடுப்பு எரியாது. அதை மட்டும் என்கிட்ட கேக்காத"ன்னாரு. அவரு பொண்டாட்டி, பவளாயிக்கு மாமியா, செத்துப் பத்து வருசம் ஆச்சு. பவளாயி கல்யாணமாகி வந்த ஆறாம் மாசம் அந்தம்மா போச்சு. அந்த மூணு நாளும் அடுப்பு எரியல, அக்கம்பக்கத்துல இருந்துதான் சோறு வந்துச்சு. அதுக்கப்புறம் அடுப்புச் சாம்பல் ஆற கிழவன் விட்டதே இல்ல.

பவளாயி விடுவாளா? அலுத்துப்போனவளுக்குப் பிடிவாதம் ஜாஸ்தி. முதல் நாள் வெள்ளரிப் பிஞ்சை நறுக்கி இலை ஓரத்துல வச்சா. குழம்புல கெடக்குற கறிவேப்பிலையை ஒதுக்குற மாதிரி அஞ்சு பேரும் ஒதுக்கிட்டாங்க. ரெண்டாம் நாள் பாசிப்பருப்பை ஊறவச்சுத் தேங்காய், மாங்காய் கலந்து குடுத்தா. "பாதியில எறக்கிட்ட போல, திரும்பச் சட்டியில போடு"ன்னு தட்டை நீட்டுனாங்க. மூணாம் நாள் முள்ளங்கியைத் துருவி வடைக்கு நடுவுல ஒளிச்சு வச்சா. ரெட்டைங்க கண்டுபிடிச்சுட்டாங்க, கோணன் வைத்தியர் வீட்டுக்கு ஓடிப்போய் அழுதுட்டு ரெண்டு உருண்டை முழுங்கிட்டு வந்தான். மூணு நாளும் மிச்சமானதை அவ ஒருத்தியே தின்னா. அப்புறம் அடுப்பை ஊதுனா.

திருவிழா வந்துடுச்சு. எங்க பக்கம் எட்டு நாள், அந்த ஊர்ல இருபத்தோரு நாள். முதல் நாள் காப்புக் கட்டு. காப்புன்னா என்னன்னு தெரியுமில்ல? மஞ்சள் நூல்ல வேப்பிலையை முடிஞ்சு பூசாரி குடுப்பாரு, வீட்டுக்கு ஒருத்தர் கையில கட்டிக்கணும். கட்டிக்கிட்டவங்களுக்கு வேலை கெடையாது, விரதம்தான். திருவிழா முடியுறதுக்குள்ள அதை அவுக்கக்கூடாது. அவுத்தா ஆத்தா சும்மா இருக்கமாட்டா. ஊர்லயும் யாரு வீட்லயும் எண்ணெய்ச் சட்டி ஏறாது, தாளிக்கமாட்டாங்க, அது ஆத்தாளுக்கு ஆகாது. நம்ம பவளாயி வீட்ல மட்டும், "நாங்க ராசாவைத் தூக்குறவங்க, ஆத்தா பொறுத்துப்பா"ன்னு வருசா வருசம் சுட்டுக்கிட்டே இருப்பாங்க.

"காப்பை வாங்கிட்டு வா, யாருக்காவது கட்டலாம்"னு தவசி அவளை அனுப்புனான். விரதம் இருக்கணும்கிறதால யாருக்காவதுன்னா அவளுக்குத்தான்னு அர்த்தம். விரதமும் இருக்கணும், ஆக்கியும் போடணும்.

அவ காப்பை வாங்கிட்டு வீட்டுக்கு வந்தா. வீட்ல யாரும் இல்ல. அடுப்பு முன்னால உக்காந்தா. விறகு நனைஞ்சு கெடக்கு, பொகையுது, ஊதுகுழலை எடுத்து வாயில வச்சா. ஊத மூச்சு வரல. திரும்பவும் வச்சா. வரல. இருமல்தான் வந்துச்சு. அழணும்னு கூட அவளுக்குத் தோணல, அதுக்கும் தெம்பு வேணுமில்ல? அடுப்பைப் பாத்தா. சுத்திலும் கரி, பானை உக்கார்ற மூணு குமிழ்ல ஒண்ணு ஒடைஞ்சு, வாய் வெடிச்சுப்போயி, அதுவும் அவளை மாதிரியே உக்காந்திருந்துச்சு. "நீயும் என்னைக்குத்தான் படுக்கிறது"ன்னா. எரிஞ்ச கொள்ளியை வெளிய இழுத்துத் தண்ணி தெளிச்சா. சாம்பலை வாரினா. அடுப்பைப் பச்சைச் சாணி போட்டு மெழுகுனா, மஞ்சள் குங்குமம் வச்சா, நல்லா இருந்த குமிழ்ல அந்தக் காப்பை மூணு முடிச்சுப் போட்டுக் கட்டிட்டா. அப்புறம் அங்கயே செவுத்துல சாஞ்சு உக்காந்துட்டா.

அஞ்சு பேரும் பசியோட வந்தாங்க.

"எங்க புள்ள வடை?"ன்னான் தவசி.

"அடுப்பு விரதங்க."

"என்னது?"

"அடுப்புக்குக் காப்புக் கட்டிட்டேன். இருபத்தோரு நாளைக்கு அதுக்கு வேலை குடுக்கக்கூடாது."

"அடுப்புக்கு யாராவது காப்புக் கட்டுவாங்களா?"

"வீட்டுக்கு ஒருத்தருக்குன்னாங்க. யாரு அதிகமா வேலை செய்யுறாங்கன்னு பாத்தேன். வேணாம்னா அவுத்துடுங்க."

எப்படி அவுப்பான்? தவசி பெரிய ரெட்டையைப் பாத்தான், பெரிய ரெட்டை சின்ன ரெட்டையைப் பாத்தான், சின்ன ரெட்டை கோணனைப் பாத்தான், கோணன் கூரையைப் பாத்தான். ஓடிப்போய்ப் பூசாரியைக் கேட்டாங்க. பூசாரி தாடியைச் சொறிஞ்சுக்கிட்டு, "ஆளுக்குத்தான் கட்டணும்னு யாரும் சொல்லி நான் கேட்டதில்ல. கட்டுனது கட்டுனதுதான். கை வச்சவன் குடும்பத்துக்கு நான் பொறுப்பில்ல"ன்னுட்டாரு. பக்கத்து வீட்லயாவது பலகாரம் கிடைக்குமான்னு பாத்தா, ஊரே எண்ணெய்ச் சட்டியைக் கவுத்து வச்சிருக்கு.

திரும்பி வந்தாங்க. பவளாயி இலையைப் போட்டா. அரிசியை ஊறவச்சு இடிச்சு வெல்லம் கலந்த துள்ளுமாவு, பானகம், ஊறவச்ச பருப்பு, வெள்ளரி, தேங்காய், ஒரு சீப்பு பழம். "ஆத்தாளுக்குப் படைச்சுட்டேன். இது அவ பிரசாதம். ஒதுக்குறவங்க ஒதுக்கலாம்"னா. பிரசாதத்தை எவன் ஒதுக்குவான்? கண்ணுல ஒத்திக்கிட்டுத் திட்டிக்கிட்டே தின்னாங்க. முதல் நாள் அவளைத் திட்டுனாங்க. ரெண்டாம் நாள் அடுப்பைத் திட்டுனாங்க. மூணாம் நாள் மெல்ல வேண்டியது நெறைய இருந்துச்சு, திட்டுறதுக்கு வாய் ஒழியல.

சடையன் மட்டும் மூணு நாளும் வாயில ஒண்ணும் வைக்கல. தண்ணியைக் குடிச்சுக்கிட்டு அடுப்பையே பாத்துக்கிட்டு மூலையில கெடந்தாரு. பவளாயிக்குப் பயம் வந்துடுச்சு. கிழவனுக்கு ஏதாவது ஆச்சுன்னா அது அவ கட்டுன காப்பாலதானே? நம்மளே கொன்னுட்டோம்னு ஆயிடுமேன்னு மூணாம் நாள் சாயங்காலம் தட்டை எடுத்துக்கிட்டுப் போய்ப் பக்கத்துல உக்காந்தா.

"மாமா, ஒரு வாய் சாப்பிடுங்க."

"அடுப்பைப் பாரு தாயி. சில்லுன்னு கெடக்கு. உன் அத்தை போனப்போ இப்படித்தான் கெடந்துச்சு. எனக்கு அவளைத் திரும்பவும் தூக்கிட்டுப் போற மாதிரி இருக்கு."

பவளாயி ஏதோ சொல்ல வாயைத் தொறந்தா, இருமல் வந்துடுச்சு. இருமி, நிறுத்தி, திரும்ப இருமி, தட்டைக் கீழ வச்சுட்டு மார்பைப் பிடிச்சுக்கிட்டு இருமினா. கிழவன் தலையைத் தூக்கிக் கேட்டுக்கிட்டே இருந்தாரு.

"எத்தனை நாளா தாயி இது?"

"ரெண்டு வருசமா மாமா. இந்த மூணு நாளாக் கொஞ்சம் தேவலை."

கிழவன் அடுப்புக்கு மேல கரி படிஞ்ச செவுத்தைப் பாத்துக்கிட்டு இருந்தாரு. அப்புறம் சொன்னாரு: "அவளும் ரெண்டு வருசம் இருமினா. ஊதுகுழலைக் கையில வச்சுக்கிட்டே இருமினா. கண்ணு தெரியலைங்கன்னு சொன்னா, நான் எண்ணெய் தேய்ச்சுக் குளின்னு சொல்லிட்டு வடையைத் தின்னேன். அப்பல்லாம் அடுப்பு நல்லா எரிஞ்சுக்கிட்டுதான் தாயி இருந்துச்சு."

சொல்லிட்டுத் தட்டை இழுத்து ஒரு துண்டு வெள்ளரியை வாயில போட்டாரு. கண்ணுல தண்ணி ஓடுது, மெல்லுறாரு, ஓடுது, மெல்லுறாரு. பவளாயியும் அழுதுட்டா. ரெண்டு வருசத்துல அவ இருமலை ஒருத்தர் காதுல வாங்குனது அன்னைக்குத்தான்.

அதுக்கப்புறம் கிழவனே காவல். "மிச்சம் வைக்காம தின்னுங்கடா"ன்னு தடியோட நிப்பாரு. ஒரு நாள் முளைகட்டுன பயறு, ஒரு நாள் அவலும் மோரும், ஒரு நாள் இளநீரும் நுங்கும். ரெட்டைங்களுக்கு வயிறு மந்தமே இல்ல. தவசி குனிஞ்சு அவன் கால் கட்டைவிரலைப் பாத்தான், பாத்துப் பல வருசம் ஆச்சு.

வைத்தியர் என்ன பண்ணுவாரு? வாசம் வராத வீட்டு வாசல்ல வந்து நின்னு, "இன்னைக்கு எத்தனாம் நாள்? எட்டா? சரி, நாளைக்குக் காதைப் பாத்துக்குங்க"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. அன்னைக்குன்னு பாத்துக் கோணன் பயறுத் தட்டைத் தலைமாட்டுல வச்சுக்கிட்டுத் தின்னுக்கிட்டே தூங்கிப்போனான், தட்டு கவுந்து போச்சு. விடிஞ்சு எழுந்திரிச்சுக் காதைத் தொட்டான். முளை. "அய்யய்யோ அண்ணி, எட்டிப் பாக்குது அண்ணி, நான் மரமாகப் போறேன் அண்ணி"ன்னு தரையில புரண்டான். ரெட்டைங்க வெளுத்துப்போயிட்டாங்க. தவசி லேகியத்துக்கு ஓடத் துண்டை எடுத்துத் தோள்ல போட்டுட்டான்.

பவளாயி பொறுமையா வந்து ரெண்டு விரலால எடுத்தா, கையோட வந்துச்சு. "கொழுந்தனாரே, வேர் வயித்துல இருந்தா இவ்வளவு லேசா வருமா? வாங்க, உங்க தலையில களிமண்ணுன்னு அண்ணனுங்க சொல்றாங்களே, அது நெசமா இருந்தா இந்நேரம் காடே வளர்ந்திருக்கும்."

கோணன் அந்த முளையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தான். ரொம்ப யோசிச்சான். அப்புறம் வாயில போட்டுக்கிட்டான். "அப்போ வைத்தியர் பொய் சொல்லியிருக்காரு அண்ணி"ன்னான். அவன் மூளை எழுந்திரிச்சது அன்னைக்குத்தான், அதுவும் ஒரு பக்கம்தான்.

வைத்தியருக்கு ஆத்திரம். இருபதாம் நாள் நேரா ராசாகிட்ட போனாரு. "ராசா, அந்தப் பயலுக ஆடு மாதிரி பச்சையைத் தின்னுக்கிட்டுக் கெடக்கானுங்க. ஒடம்புல தெம்பு இல்ல. உங்களை வழியில போட்டுடுவானுங்க. அவனுங்களை ஊரை விட்டு அனுப்பிட்டு என் தங்கச்சி மகனுங்க நாலு பேரை வச்சுக்குங்க"ன்னாரு.

சின்ன ராசா கேட்டாரு: "நீர் அவங்களுக்கு எத்தனை வருசமா வைத்தியம் பாக்குறீர்?"

"பத்து வருசமா ராசா."

"பத்து வருசம் உம்ம மருந்தைத் தின்னும் தெம்பு இல்லையா?"

வைத்தியர் மடியில உருண்டையைத் தேடுனாரு. ராசா சொன்னாரு: "நாளைக்குக் காலையில நீர் முதல்ல பல்லக்குல ஏறும். கீழ போட்டாங்கன்னா நீர் சொன்னது நெசம், அவங்க ஊரை விட்டுப் போகட்டும். போடலைன்னா உம்மளை நான் பாத்துக்கிறேன்."

மறுநாள் ஊரே கரட்டுக்குக் கீழ கூடிடுச்சு. வைத்தியர் பல்லக்குல ஏறி உக்காந்தாரு, பல்லக்கே மொனகுச்சு. நாலு பேரும் தோள் குடுத்தாங்க. பவளாயி ஒரு புங்கமரத்தடியில உக்காந்துக்கிட்டா. அவ கண்ணுக்குப் பல்லக்குத் துணியோட செகப்பு மட்டும்தான் தெரிஞ்சுச்சு. ஆனா மாமனாரு குரல் கேட்டுச்சு. "பாத்து வை, பதிச்சு வை, தோளை மாத்து. பாத்து வை, பதிச்சு வை, தோளை மாத்து." நூறு படி ஏறுச்சு. நூத்தம்பது படி ஏறுச்சு. இருநூறாவது படியில குரல் நின்னுபோச்சு.

பவளாயிக்கு உசிரே இல்ல. போட்டுட்டாங்களா? எந்த ஊருக்குப் போறது, இந்தக் கண்ணை வச்சுக்கிட்டு அங்க எந்த அடுப்பை ஊதுறது?

"என்னாச்சு, என்னாச்சு?"ன்னு பக்கத்துல நின்ன பூக்காரியைக் கேட்டா.

"வைத்தியர் வேணும்னே அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சாயுறாரு. உன் சின்னக் கொழுந்தன் வழுக்கி முட்டி போட்டுட்டான். இரு, இரு. தரை தொடல. தோள்லயே வச்சிருக்கான். எழுந்திரிக்கிறான். எழுந்துட்டான்."

"பாத்து வை, பதிச்சு வை"ன்னு குரல் திரும்பவும் வந்துச்சு. கொஞ்ச நேரத்துல கரட்டு மேல மணி அடிச்சுச்சு. பவளாயி கையெடுத்துக் கும்பிட்டா. கும்பிட்ட கையை எறக்குறதுக்குள்ள தூங்கிப்போயிட்டா.

வைத்தியரைக் கொண்டுபோய் வச்சுட்டு நாலு பேரும் எறங்கி வந்தாங்க, மூச்சு வாங்கல. ராசா ஏறுனாரு. வைத்தியர் பாரத்தைச் சுமந்தவங்களுக்கு ராசா ஒரு பாரமா? போயி, கும்பிட்டு, எறங்குனாங்க, தரை தொடல. ராசாவுக்குச் சந்தோசம். ஊர்ல பேசிக்கிட்டதை அவரும் கேட்டிருக்காரு. "அடுப்புக்குக் காப்புக் கட்டுன பொம்பளை யாரு, நான் பாக்கணும்"னாரு. புங்கமரத்தடியைக் காட்டுனாங்க. சேவகன் எழுப்பப் போனான். சடையன் தடியைக் குறுக்க நீட்டிட்டாரு.

"எழுப்பாதீங்க ராசா."

"நான் கூப்பிட்டாக் கூடவா?"

"ஆமா ராசா. பத்து வருசம் கழிச்சு அவ இன்னைக்குத்தான் தூங்குறா. எழுப்பணும்னா என்னை ஊரை விட்டு அனுப்பிட்டு எழுப்புங்க."

ராசா அவளைக் கொஞ்ச நேரம் பாத்தாரு. அவ வாயைத் தொறந்துக்கிட்டு, கொண்டை அவுந்து, புழுதியில கெடந்து தூங்குறா. ராசா செருப்பைக் கழட்டிக் கையில எடுத்துக்கிட்டாரு, மேளக்காரங்களை வாயை மூடிக்கிட்டு வரச் சொல்லிட்டு, சத்தம் இல்லாம நடந்து போயிட்டாரு. அப்படியும் ஒரு ராசா இருந்திருக்காரு, என்ன பண்றது, நமக்கு வாய்க்கல.

வைத்தியரை விட்டாரா? அவரை இருபத்தோரு நாள் கோயில் அன்னதானத்துக்கு அடுப்பு ஊத வச்சுட்டாரு. ஒரு நாளைக்கு ஆயிரம் பேருக்குச் சோறு, எல்லாம் பச்சை விறகு. காலையில ஊதுனாரு, மத்தியானம் ஊதுனாரு, சாயங்காலமும் ஊதுனாரு. கண்ணுல தண்ணி, மூக்குல கரி, நெஞ்சுல இருமல். அவரு உருண்டையை அவரே தின்னு பாத்தாரு, அது இருமலுக்கு ஆகலையாம்.

பவளாயி முழிச்சப்போ பொழுது சாஞ்சு கெடந்துச்சு. திடுக்குனு எழுந்தா. அய்யோ, இன்னையோட விரதம் முடியுது, அடுப்பு மூட்டணும், அஞ்சு பேரும் பசியில இருப்பாங்களேன்னு முந்தானையைச் சொருகிக்கிட்டு ஓடுனா. வீட்டுக்குள்ள போனா, அஞ்சு பேரும் தரையில வட்டமா உக்காந்திருக்காங்க. ஒருத்தன் தேங்காய் துருவுறான், பாதித் துருவல் அவன் மடியில. ஒருத்தன் வெள்ளரியை விறகு வெட்டுற மாதிரி வெட்டுறான். கோணன் விரலை வெட்டிக்கிட்டு வாயில வச்சுச் சூப்பிக்கிட்டு இருக்கான். கிழவன் பயறுல கல்லு பொறுக்குறாரு.

"தள்ளுங்க, நான் பண்றேன்"னா.

"இதுக்குத் தீ வேண்டாமே புள்ள, எங்களுக்கே வருது. நீ உக்காரு"ன்னான் தவசி.

"நான் அப்புறமாச் சாப்பிடுறேங்க."

கிழவன் தலையை நிமித்தல, பொறுக்கிக்கிட்டே சொன்னாரு: "உக்காரு தாயி. இன்னைக்கு நீ முதல்ல."

தவசி இலையைக் கொண்டுவந்து அவ முன்னால போட்டான். தலைகீழாப் போட்டுட்டான், அவனுக்கு எந்தப் பக்கம் நுனின்னு எப்படித் தெரியும், அவன் என்னைக்கு இலை போட்டிருக்கான்? அவ அதைத் திருப்பிப் போடல. அந்த வீட்டுக்கு வந்து பத்து வருசத்துல அவளுக்குன்னு ஒருத்தர் இலை போட்டது அதுதான் முதல் தடவை. தின்னா. உப்பு பத்தல, சொல்லல. வயிறாரத் தின்னா.

அதுக்கப்புறம் அந்த வீட்ல ஒரு வேளைதான் அடுப்பு எரிஞ்சுச்சு. அந்த ஒரு வேளையும் விறகு பொளந்து குடுக்குறது ரெட்டைங்க, ஊதுறது கோணன். அவ இருமல் கொறைஞ்சுச்சு. கண்ணு பழையபடி முழுசா வரல, அது வராது, வந்துச்சுன்னு சொன்னா நான் பொய் சொன்னவளாவேன். இருக்கிறது போகாம நின்னுச்சு.

பச்சையா ரெண்டு காயைத் திங்கச் சொன்னா மூஞ்சியைச் சுளிக்கக்கூடாது, ஆக்கிப் போடுறவ இருமுனா ஏன்னு கேக்கணும், அவ்வளவுதான் இதுல இருக்கிற புத்தி. அவங்க அங்க மென்னுக்கிட்டு இருக்காங்க, நாம இங்க கொட்டாவி விட்டுக்கிட்டு இருக்கோம். கதையும் தின்னு தீந்துபோச்சு. நாளைக்குக் காலையில எந்தப் பயலும் என்னை எழுப்பக்கூடாது, வெள்ளரிக்காய் கூடையில இருக்கு, கத்தி எங்க இருக்குன்னு உங்களுக்கே தெரியும்.